மூச்சும் முகமூடியும்

கிண்ணியாவிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் எழுதிய கடிதம் இவ்வாரம் நமது மேசையில் இருக்கிறது. பெயரை வெளியிட வேண்டாமெனக் கேட்டிருக்கிறார். அவர் விருப்பப்படியே செய்கிறோம். கடிதத்தின் சாரம் வருமாறு:

"எங்கள் வாப்பா லொறிச் சாரதி. அவருக்குப் பல ஆண்டுகளாகப் பலத்த குறட்டை. உறக்கத்தில் திடீரென மூச்சு நின்று, பிறகு திணறலோடு திரும்பும். உம்மா அதைக் கண்டு அஞ்சி இரவெல்லாம் விழித்திருப்பார். சென்ற மாதம் கொழும்பிலே பரிசோதித்துவிட்டு, இரவில் முகத்தில் அணியும் காற்றுக் கருவியைப் பயன்படுத்த வேண்டுமென்றார்கள். கடன்பட்டு வாங்கினோம். மூன்று இரவுகள் அணிந்தார். மூன்று இரவும் ஒரு மணி நேரத்துக்குள் 'மூச்சு முட்டுகிறது' என்று கழற்றி எறிந்துவிட்டார். இப்போது கருவி அலுமாரியில் கிடக்கிறது. மூச்சுக்காகத் தந்த கருவி மூச்சை அடைப்பது எப்படி? வாப்பாவை நாங்கள் வற்புறுத்தலாமா? அல்லது விட்டுவிடலாமா?"

சிறிய கடிதந்தான், ஆயினும் அதில் இரண்டு வினாக்கள் இருக்கின்றன. ஒன்று உடலைப் பற்றியது. மற்றது உறவைப் பற்றியது. இதே கருவியை வாங்கி, இதே காரணத்தால் மூலையில் வைத்துவிட்ட குடும்பங்கள் வேறும் இருக்கக்கூடும். ஆகையால் விடையை நேயர்கள் யாவருக்குமாகவே எழுதுகிறோம்.

முதலில் நோயை அறிவோம். நாம் உறங்கும்போது உடலின் தசைகள் தளர்கின்றன. தொண்டையைச் சுற்றியுள்ள தசைகளும் அவ்வாறே தளரும். சிலருக்கு அத்தளர்ச்சியினால் நாவின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் பின்னோக்கிச் சரிந்து, காற்றுச் செல்லும் வழியை அடைத்துவிடுகின்றன. நெஞ்சு மூச்செடுக்க முயல்கிறது. காற்றோ உள்ளே புகுவதில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது. மூளை அபாயத்தை உணர்ந்து, உறங்குபவரை ஒரு கணம் எழுப்பிவிடுகிறது. திணறலோடு மூச்சு மீள்கிறது. மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. இதனை வைத்தியர்கள் 'ஸ்லீப் அப்னியா' என்பார்கள். உறக்க மூச்சுத்தடை என்று நாம் சொல்லலாம்.

மூச்சு 10 விநாடிக்குக் குறையாமல் நின்றுபோவதையும், அல்லது வெகுவாகக் குன்றுவதையும் ஒரு தடை எனக் கணக்கிடுகிறார்கள். அது மணிக்கு 5 முதல் 15 தடவை நேர்ந்தால் இலேசான நோய். 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் கடுமை. மணிக்கு 30 என்றால், 7 மணி நேர உறக்கத்தில் 210 தடவை! ஓரிரவில் 210 தடவை உலுக்கப்பட்ட மனிதர் காலையில் களைப்போடு எழுவதில் வியப்பென்ன? தாம் உலுக்கப்பட்டதே அவர் நினைவில் இராது. "நன்றாகத்தானே உறங்கினேன்!" என்பார். அருகே விழித்திருந்த மனைவிக்குத்தான் உண்மை தெரியும்.

இஃது அரிய நோயன்று. உலகில் 30 முதல் 69 வயது வரையுள்ளோரில் 93 கோடிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஓரளவில் இந்நோயுடையவர்கள் என 2019ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. கடுமையான நோயைக் கவனியாது விட்டால் இரத்த அழுத்தம் உயரும். இருதயமும் மூளையும் பாதிப்புறும் அபாயம் கூடும். பகலிலே எதிர்பாராத வேளையில் கண் அயர்ந்து போகும். லொறிச் சாரதிக்கு இந்தக் கடைசி விளைவு எத்தகையது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சீபாப் என்று வழங்கும் இக்கருவி தோன்றிய வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1980ஆம் ஆண்டு வரையில், கடுமையான நோயாளிக்குத் தொண்டையின் முன்புறம் துளையிட்டுக் குழாய் பொருத்துவதே நம்பத்தக்க சிகிச்சையாக இருந்தது. அவ்வாண்டிலே அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கொலின் சலிவன் என்ற வைத்தியர், தொண்டையை வெட்டாமலே அதைத் திறந்து வைக்க ஒரு வழி கண்டார். மூக்கின் வழியாக இடைவிடாது காற்றை மெல்ல அழுத்தி ஊதினால் தொண்டைச் சுவர் சரியாது நிற்கும் என்பதே அவ்வழி. தோணியின் பாயில் காற்று நிறைந்திருக்கும் வரையில் பாய் தொய்வதில்லை அன்றோ? அதுபோலத்தான். 5 நோயாளிகளிடம் கண்ட பயனை 1981ஆம் ஆண்டு 'லான்செற்' என்ற மருத்துவ இதழில் அவரும் அவருடைய தோழர்களும் வெளியிட்டார்கள். ஆரம்ப காலத்தில் தூசுறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு காற்றை ஊதினார்கள். நோயாளியின் மூக்குக்கு அச்செடுத்துச் செய்த முகமூடியை இரவுதோறும் பசையிட்டு முகத்தில் ஒட்டினார்கள். இரைச்சலும் பெரிது. இத்தனை இடர்களையும் பொறுத்து அதைத் தொடர்ந்து பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள். முதலிலிருந்தே இக்கருவி பழகிக்கொள்ள வேண்டிய ஒன்றாகவே இருந்து வந்திருக்கிறது.

இக்கருவி ஒட்சிசன் வாயுவைத் தருவதில்லை. அறையில் உள்ள காற்றைத்தான் ஊதுகிறது. நமக்குப் பதிலாக மூச்சு விடுவதுமில்லை. வழியைத் திறந்து வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. மூச்சை உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும் அணிந்தவரின் வேலையே. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மாணவியின் முதல் வினாவுக்கு விடை எளிதாகும்.

கிண்ணியாப் பாலத்தை எண்ணிப் பாருங்கள். 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் திறக்கப்பட்ட அப்பாலம் 396 மீற்றர் நீளமுடையது. கச்சான் காற்றுப் பலமாக வீசும் நாளில், காற்றை எதிர்த்து மோட்டார் சைக்கிளில் அதைக் கடப்பவருக்கு நடுவழியில் மூச்சு முட்டுவது போலிருக்கும். தம்மையறியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அங்கே காற்றுக்கா பஞ்சம்? காற்று வேண்டிய மட்டும் இருக்கிறது. உள்ளிருக்கும் மூச்சை அதற்கெதிராக வெளியே விடுவதுதான் கடினமாக இருக்கிறது. வெளியே விட முடியாத மூச்சை, உள்ளே இழுக்க முடியாத மூச்சென்று மனம் தவறாக எண்ணிக்கொள்கிறது. முகமூடி அணிந்த முதல் இரவுகளில் நேர்வதும் பெரும்பாலும் இதுவே.

மாணவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உயரமான கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி, குளிர்பானம் உறிஞ்சும் குழாயொன்றை 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமிழ்த்தி, அதன் வழியாக மெல்ல ஊதுங்கள். குமிழி வருவதற்கு எவ்வளவு முயற்சி வேண்டியிருக்கிறதோ, அதுவே கருவியில் 10 என்று குறித்திருக்கும் அழுத்தம். இக்கருவிகள் பொதுவாக 4 முதல் 20 வரையான அழுத்தத்தில் இயங்குவன. 10 என்பது நம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய நூற்றிலொரு பங்குதான். அவசரமாக ஊதினால் அந்த நீர் தடுக்கும். நிதானமாக ஊதினால் வழிவிடும். கருவிக்கும் அதே விதிதான்.

இன்னுமொன்று. விழித்திருக்கும்போது தொண்டை தானாகவே திறந்திருக்கிறது. ஊதும் காற்று அப்போது தேவையில்லை. ஆகவே படுத்தவுடன் அது வீண் தொல்லையாகவே தோன்றும். தேவை ஏற்படுவது உறங்கிய பின்னர்; அப்போதோ அதை உணர நாம் விழித்திருப்பதில்லை. தொல்லையை மட்டும் உணர்ந்து, துணையை உணராது போவதால்தான் பலரும் இக்கருவியை வெறுக்கிறார்கள். வெறுப்போடு அச்சமும் சேரும்போது மூச்சு வேகமாகும், வேகமான மூச்சு ஆழமற்றதாகும், தலை சுற்றும், திணறல் பெருகும். பிறகு முகமூடி தரையில்தான் கிடக்கும்.

ஆகவே பழக்கத்தை இரவில் தொடங்கலாகாது. பகலில் தொடங்க வேண்டும். மாலை வேளையில் வாப்பா கதிரையில் நிமிர்ந்து அமரட்டும். கருவியை இயக்கி, முகமூடியை வாரிட்டுக் கட்டாமல் கையிலேயே பிடித்து முகத்தில் வைத்துக்கொள்ளட்டும். வேண்டாத கணத்தில் எடுத்துவிடலாம் என்ற உறுதி இருந்தால் அச்சம் பாதி தணியும். வாயை மூடி, மூக்கால் மூச்சிழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் எடுத்து மெல்ல வெளியே விடட்டும். முதல் நாள் 5 நிமிடம் போதும். பின்பு வாரைக் கட்டிக்கொண்டு 10 நிமிடம், பின்பு வானொலி கேட்டுக்கொண்டோ பத்திரிகை படித்துக்கொண்டோ அரைமணி, அதன்பின் பகலில் படுத்தபடி, கடைசியாக இரவில். ஒரு படி எளிதாகும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். சிலருக்கு ஒரு வாரம் போதும். சிலருக்கு ஒரு மாதமும் ஆகலாம். நள்ளிரவில் திணறி எழுந்தால், கழற்றி, எழுந்து அமர்ந்து, சில நிமிடம் இளைப்பாறி, மீண்டும் அணியலாம். ஓரிரவு தவறினால் மறுநாள் இரவு இருக்கிறது.

பழக்கத்தால் மட்டும் தீராத இடர்களும் உண்டு. அவற்றுக்குத் தனித்தனிப் பரிகாரம் இருக்கிறது.

மூக்கடைப்பு இருந்தால் ஊதும் காற்றுக்கு வழியில்லை. அதை முதலில் குணப்படுத்த வேண்டும். மூக்கும் தொண்டையும் வறண்டால், காற்றை ஈரப்படுத்தும் நீர்த்தொட்டியைக் கருவியோடு சேர்க்கலாம். அதற்குக் காய்ச்சி வடித்த நீரே தக்கது. கிணற்று நீரிலுள்ள உப்புகள் தொட்டியில் படியும். நீரை நாள்தோறும் மாற்றுக. வாய் திறந்து உறங்குபவருக்கு ஊதிய காற்று வாய்வழி ஓடிவிடும்; அவருக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடி பொருந்தலாம். காற்றை விழுங்கி வயிறு ஊதுமாயின் வைத்தியரிடம் சொல்க.

முகமூடியிலிருந்து காற்றுக் கசிந்தால் வாரை மேலும் மேலும் இறுக்குவோர் உண்டு. அது முகத்தில் புண்ணையே உண்டாக்கும். பல சமயம் கசிவையும் கூட்டும். முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் கசியும். இஷாத் தொழுகைக்கு வுழூச் செய்த முகம் தூய்மையாக இருக்கும். அதன்பின் எண்ணெயோ களிம்போ பூசாமல் முகமூடியை அணிந்துகொள்வது நல்லது. தாடி வைத்திருப்பவருக்குப் பெரிய முகமூடி சரியாகப் படியாது. மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் சிறிய வகை அவருக்கு உதவலாம். நுளம்பு வலைக்குள் உறங்குவோர், குழாய் வலையில் சிக்கி இழுபடாதவாறு அதைத் தலைப்பக்கமாக உள்ளே கொண்டுவர வேண்டும். நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுந்தபின் மறுபடி உறங்குவதாயின், அந்தச் சிறு உறக்கத்துக்கும் கருவி வேண்டும்.

முகமூடியில் சிறு துளைகள் இருக்கும். நாம் வெளியே விடும் கெட்ட காற்று அவற்றின் வழியாகவே போகிறது. "காற்று வீணாகிறது" என்றெண்ணி எவரும் அவற்றை ஒட்டி அடைத்துவிடக் கூடாது.

அழுத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். பல கருவிகளில் தொடக்கத்தில் குறைவாக ஊதி, படிப்படியாக ஏறும் ஒழுங்கு உண்டு. மூச்சு விடும்போது மட்டும் சற்றுத் தளர்ந்து கொடுக்கும் வசதியும் சிலவற்றில் இருக்கிறது. இவை இயங்குகின்றனவா எனக் கருவி தந்தவரிடம் கேளுங்கள். இங்கே ஒரு விந்தையும் உண்டு: தொடக்க அழுத்தம் மிகக் குறைவாக இருந்தாலும் சிலருக்குக் காற்றுப் போதாதது போல் மூச்சு முட்டும். அவர்களுக்கு அதைச் சிறிது உயர்த்துவதே பரிகாரம். ஆனால் உயர்த்துவதும் தாழ்த்துவதும் வைத்தியர் சொற்படியே நடக்க வேண்டும். கருவி தொடங்கிய பின், மூச்செடுக்கும் கட்டளையையே மூளை இடையிடையே விட்டுவிடும் வேறொரு வகைத் தடை சிலருக்குத் தோன்றுவதுண்டு. பலருக்கு அது சில வாரங்களில் மறையும்; மறையாதவருக்குச் சிகிச்சையை மாற்ற வேண்டியிருக்கும். கருவி தானே பதிந்து வைக்கும் கணக்கிலிருந்து வைத்தியர் இதை அறிந்துகொள்வார். ஆகையால் மறு பரிசோதனைக்குச் செல்லும்போது கருவியையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்ற அச்சம் நம் நாட்டில் நியாயமானதே. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததனால் நாடே மின்னிழந்தது எனச் சொல்லப்பட்டது. கருவி நின்றுவிட்டால், மூக்கை மட்டும் மூடும் முகமூடி அணிந்தவர் வாயைத் திறந்து மூச்சு விடலாம். வாயையும் மூடும் முகமூடிகளில், ஊதுதல் நின்றவுடன் வெளிக்காற்றுக்குத் திறந்துவிடும் அடைப்பான் அமைத்திருக்கிறார்கள். எதுவாயினும் கையால் கழற்றிவிட்டால் முடிந்தது. அரை உறக்கத்தில் கண்ணை மூடியபடியே முகமூடியைக் கழற்றும் முறையைப் பகலிலேயே நாலைந்து தடவை பழகிவிடுங்கள். அடிக்கடி மின் நிற்கும் ஊராயின், கருவிக்கேற்ற பற்றரி உண்டா என விசாரிக்கலாம்.

மூச்சு முட்டுவதெல்லாம் கருவியால் வந்ததென்று எண்ணிவிடுவதும் தவறு. கருவியைக் கழற்றிய பின்னும் மூச்சு வாங்குதல், நிமிர்ந்து அமர்ந்தால் மட்டுமே மூச்சு விடக்கூடிய நிலை, நெஞ்சு நோவு, கால் வீக்கம், உதடு நீலமாதல், இழுப்பு, நில்லாத மூக்கு இரத்தம்—இவற்றுள் எதுவரினும் பழக்கத்தைப் பற்றி ஆராய வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கருவியின் எல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருதய நோயும் உறக்க மூச்சுத்தடையும் ஒருங்கேயுடைய 2,717 பேரைக் கொண்ட ஓர் ஆய்வு 2016ஆம் ஆண்டு வெளியாயிற்று. கருவி பெற்றவர்களுக்குப் பகலுறக்கமும் மனச்சோர்வும் குறைந்தன. ஆனால் மாரடைப்பு முதலியன குறைந்ததாகக் காணப்படவில்லை. அவர்கள் அதை அணிந்த நேரமோ சராசரியாக இரவுக்கு 3.3 மணிதான். ஆகவே கருவி சகல நோய்க்கும் மருந்தன்று. அணியும் நேரம் நீள நீளத்தான் பகலில் தெளிவும் கூடும். முயன்றும் முடியாதவர்களுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன: உடற்பருமனைக் குறைத்தல், பக்கவாட்டில் படுத்தல், கீழ்த்தாடையை முன்தள்ளிப் பிடிக்கும் பற்கருவி, தக்கவர்க்கு அறுவைச் சிகிச்சை. "என்னால் இயலவில்லை" என்று வைத்தியரிடம் சொல்வது வெட்கப்பட வேண்டியதன்று. சொல்லாமல் அலுமாரியில் பூட்டிவைப்பதுதான் கேடு.

இனி இரண்டாவது வினா. வாப்பாவை வற்புறுத்தலாமா?

வற்புறுத்தலால் முகமூடியை முகத்தில் வைக்கலாம். உறக்கத்தை வரவழைக்க முடியாது. "இவ்வளவு கடன்பட்டு வாங்கினோமே" என்று இடித்துரைப்பதும் வேண்டாம். அவர் கழற்றி எறிந்தது பிடிவாதத்தால் அன்று, உண்மையான அச்சத்தால். அந்த அச்சம் யாவருக்கும் வருவதுதான் என்று முதலில் அவரிடம் ஒப்புக்கொள்ளுங்கள். நீர்க்குவளைச் சோதனையை அவர் முன்னே செய்து காட்டுங்கள். மாலையில் 10 நிமிடம் அவர் அருகே அமர்ந்து மூச்சை எண்ணுங்கள். உம்மா இரவில் கண்டதைக் குற்றமாகச் சொல்லாமல், "நேற்று மூன்று மணி நேரம் குறட்டையில்லாமல் உறங்கினீர்கள்" என்று காலையில் சொல்லட்டும். தன் உறக்கத்தைத் தான் காண முடியாத மனிதருக்கு அந்தச் சொல்தான் சான்று.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம், மகளே. சிகிச்சை பயன் தந்து, பகலில் கண் அயர்வது நின்றதென வைத்தியர் சொல்லும்வரை வாப்பா லொறி ஓட்டலாகாது. இரவுப் பயணம் சிறிதும் கூடாது. இந்நோயுடையவர்கள் வாகனம் செலுத்தும்போது விபத்துக்குள்ளாகும் அபாயம் கூடுதல் என்பதும், தக்க சிகிச்சையால் அது குறைகிறதென்பதும் ஆய்வுகள் காட்டிய உண்மை. சில வாரங்கள் வருமானம் குறையும், கடனும் இருக்கிறது, வீட்டில் நெருக்கடி வரும் என்பதை அறிவோம். ஆயினும் வீதியில் வருபவர்களும் யாரோ ஒரு பிள்ளைக்கு வாப்பாதான். கருவியைப் பற்றி அவரோடு பொறுமையாகப் பேசுங்கள். வாகனத்தைப் பற்றி உறுதியாகப் பேசுங்கள். உம்மாவும் நீங்களும் சேர்ந்து சொன்னால் அவர் கேட்பார் என்றே நம்புகிறோம். கருவியை இன்று மாலையே அலுமாரியிலிருந்து எடுங்கள். முதல் நாளுக்கு 5 நிமிடம் போதும்.